அடைப்பெட்டியின் சூடு

கோழிமுட்டை பொரிய 21 நாட்கள் வேண்டும். மின்விளக்கின் சூட்டைக்கொண்டு நான் அமைத்த பெட்டியிலோ 23-ஆம் நாள்தான் முதற்குஞ்சு வெளிவந்தது. 20 முட்டைகளுள் 4 மட்டுமே பொரிந்தன. வெப்பமானி நாள்தோறும் 101 பாகை பாரன்ஹீட் காட்டியதே!

பொரிப்பு பிந்துவது சூடு குறைந்ததன் அறிகுறி; சூடு மிகுந்தால் முந்தும். ஆகவே வெப்பமானியையே ஐயுற்றேன். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியோடு அதனை வெதுவெதுப்பான நீரில் வைத்துப் பார்த்தேன்; ஒன்றரைப் பாகை கூட்டிச் சொல்லிற்று. மற்றொரு பிழை என்னுடையது. விசிறியில்லாப் பெட்டியில் சூடான காற்று மேலே தங்கும். நானோ வெப்பமானியை விளக்கருகே தொங்கவிட்டிருந்தேன். முட்டைகளின் மேற்புற மட்டத்திலன்றோ அந்த 101, 102 பாகை இருத்தல் வேண்டும்?

அடுத்தது, சூட்டைக் கட்டுப்படுத்தும் திருகாணி. அளவு சற்று இறங்கியதும் திருகிவிடுவேன். காற்று விரைவில் சூடேறும்; முட்டை மெல்லத்தான் ஏறும். திருகியபின் சில மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். (எனக்குப் பொறுமை குறைவென்பது வீட்டார் கருத்து.) வெயில் விழும் ஜன்னலோரத்திலிருந்து பெட்டியை அகற்றினேன், நீர் நிறைந்த புட்டியொன்றை உள்ளே வைத்தேன். ஏற்ற இறக்கம் தணிந்தது. கடைசி நாட்களில் வளர்ந்த கருக்களே வெப்பம் வெளிவிடுவதால், திருகாணியைச் சிறிது தளர்த்த நேர்ந்தது. இம்முறை 21-ஆம் நாளிலேயே 14 குஞ்சுகள்.