தம்புராவுக்கும் ஒரு பெயர் உண்டு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு பற்றியோ உயர் குருதியமுக்கம் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். இன்று வேறொன்றைப் பேச அனுமதி தாருங்கள். வானொலி மீண்டும் ஒலிபரப்பிவரும் பழைய கர்நாடக இசைக் கச்சேரிகள் பற்றியது இந்த உரை. இங்கே ‘நாங்கள்’ என்பது 1990களில் இந்தக் கல்லூரியில் சங்கீதம் படித்த வகுப்பு. இன்று நான்கு கண்டங்களில் இருக்கிறோம். யாராவது ஒருத்தி ஒரு நல்ல பதிவைக் கேட்டால் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுவாள்.

தங்கைமாருக்காக ஒரு சிறு வரலாறு. 1990இன் பின்னர் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். பெடலைச் சுற்றுபவர் களைத்தால் பாடுபவரும் களைத்துவிடுவார். திருச்சி வானொலி எங்களுக்கு நன்றாகவே எடுபட்டது. மத்திய அலை கடல்நீரின் மேல் இலகுவாகப் பயணிக்கும். எங்களுக்கும் தமிழகக் கரைக்கும் இடையில் இருப்பது கடல்தானே. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு இராக இலட்சணங்களை ஜாம் போத்தல் விளக்கில் மனனம் செய்தோம். ஆனால் ஒரு தோடி எங்கே தொடங்கி, எங்கே தயங்கி, எங்கே விரியும் என்பதை அந்தப் பெட்டியில்தான் கேட்டு அறிந்தோம். பெரிய சபாக் கச்சேரி ஒன்றை நேரில் காணாத பிள்ளைகள் நாங்கள்.

சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கப்பட்டன. அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடங்கள்தான் அடங்கும். வித்துவான் ஒருவர் தமது கற்பனையை அதற்குள் மடித்து வைக்கவேண்டும். வானொலியோ ஒரு மணித்தியாலமும் அதற்கு மேலும் கொடுத்தது. அகில இந்திய வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சி 1952இலும் வானொலி சங்கீத சம்மேளனம் 1954இலும் ஆரம்பமாயின. நிலையத்தை நடத்தியவர்களிலும் இசை மேதைகள் இருந்தார்கள். செம்மங்குடி சீனிவாச ஐயரும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் சென்னை நிலையத்தில் பொறுப்பான பதவிகளில் இருந்தவர்கள். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் 1967இல் மறைந்தார். அவர் கச்சேரியை நடத்திச் சென்ற அழகை இன்று நாங்கள் கேட்கிறோம் என்றால், யாரோ ஒருவர் அன்று ஒலிநாடாவைப் பூட்டி இயந்திரத்தை ஓடவிட்டதால்தான்.

பெண்கள் கல்லூரி என்பதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இராகம் தானம் பல்லவி ஆண்களுக்குரியது என்று கருதப்பட்ட காலத்தில் அதை மேடையில் பாடியவர் டி.கே. பட்டம்மாள். பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதில்லை என்றிருந்த பாலக்காடு மணி ஐயர், அந்த வழக்கத்தை மாற்றி முதலில் மிருதங்கம் வாசித்ததும் அவருக்கே. இதைப் புத்தகத்தில் வாசிப்பது ஒன்று. பழைய பதிவில் அவருடைய பல்லவி தாளத்தில் வந்து உட்காருவதைக் காதால் கேட்பது இன்னொன்று.

இந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது எங்களுக்கு ஒரு விடயம் புரிந்தது. நிலையப் பதிவில் அறிவிப்பாளர் வந்து பாடியவர், வயலின், மிருதங்கம் என்று பெயர்களைச் சொல்வார். வீட்டில் பதிந்தவர்கள் பலர் கசற்றை மிச்சம்பிடிக்க அந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள். பாட்டு மிஞ்சியது, வயலின் யார், எந்த ஆண்டு என்பவை போய்விட்டன. அறிவிப்பாளரும் பெரும்பாலும் சொல்லாத ஒரு பெயர் உண்டு. அது தம்புரா போட்டவரின் பெயர். கச்சேரியில் எல்லோரும் இடையிடையே ஓய்வார்கள், தம்புரா ஓயாது. பதிவின் ஒவ்வொரு விநாடியிலும் அவர் இருக்கிறார், பெயர்தான் இல்லை. எங்கள் வகுப்பில் பரிசளிப்பு விழா வந்தால் குரல் கொஞ்சம் தட்டியவர்களுக்குத் தம்புராதான் கிடைக்கும். ஆகவே இந்தக் குறை எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

வைத்தியத்தையும் முற்றாக விட்டுவிட முடியாது. வயதோடு வரும் காது மந்தம் முதலில் உயர்ந்த சுருதிகளைத்தான் கொண்டுபோகும். பழைய மத்திய அலை ஒலிபரப்பில் அந்த மிக உயர்ந்த ஒலிகள் முதலிலேயே குறைவு. ஆகவே எழுபது வயது அம்மா ஒருவர் பழைய கச்சேரியைக் கேட்கும்போது அவர் இழப்பது நாம் நினைப்பதைவிடச் சிறிதாக இருக்கலாம். செவிப்புலக் கருவிகள் முக்கியமாகப் பேச்சுக்காகவே அமைக்கப்படுகின்றன. பாட்டு கரகரத்தால் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிடாமல், இசைக்கான அமைப்பு உண்டா என்று கேளுங்கள். மறதிநோய் உள்ள பலருக்குப் பிள்ளைகளின் பெயர்கள் போன பின்பும் பழகிய பாட்டு நிற்கிறது. மகளை யாரென்று கேட்கும் தாய், அடுத்த நிமிடம் வானொலியில் வரும் கீர்த்தனைக்குத் தொடையில் சரியாகத் தாளம் போடுவதைக் கண்டிருக்கிறோம். மகள் அழுதுகொண்டே அந்தத் தாளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்தியாவில் இன்று பழைய பதிவுகள் இறுவட்டுக்களாக வந்துள்ளன. 2016இல் தொடங்கிய ‘ராகம்’ ஒலிபரப்பு இரவும் பகலும் சாஸ்திரிய இசையைத் தருகிறது. எங்கள் மண்ணின் நிலை என்ன? தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தார். இன்றைய பிள்ளைக்கு அவர் ஒலிப்பதிவில் மட்டுமே இருக்கிறார். எங்களுக்குப் பாட்டுச் சொல்லித்தந்த ஆசிரியைகளின் குரல்கள் எங்கே? 1995 இடப்பெயர்வில் எங்கள் வீடுகளில் இருந்த கசற்றுகள் பல போயின. வெளிநாட்டு உறவினருக்கு முன்பே அனுப்பிவைத்தவை மட்டும் தப்பியிருக்கலாம்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாணி விழா, பரிசளிப்பு விழா, அரங்கேற்றம் என்று எது பதிந்த கசற் இருந்தாலும் தேடி எடுங்கள். ஈரலிப்பில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். அப்படி இருந்தால் ஓடவிட்டுப் பார்க்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒலியைச் சுருக்காத முழுக் கோப்பாகப் பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றைக் கல்லூரி நூலகத்திலும் வையுங்கள். பிரதி எடுத்த பின்பும் மூலத்தை எறியவேண்டாம். ஆண்டு, இடம், பாடியவர், வாசித்தவர் எல்லாவற்றையும் எழுதுங்கள். நினைவுள்ளவர்கள் எங்களோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அடுத்த நூற்றாண்டு விழாவில் அந்தப் பதிவுகளைக் கேட்கப்போகும் பிள்ளைகளுக்கு எங்களில் ஒருவரையும் தெரியாது. அந்தப் பட்டியலில் தம்புரா போட்டவளின் பெயரும் இருக்கட்டும்.