வேலைக்குத் தக்க வண்டி: குட்டி யானையா, பிக்கப்பா, 407-ஆ?

(கட்டடத் தொழில் செய்யும் குழுக்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஹாலோபிளாக் போடும் குழுவில் இருந்து வந்திருக்கீங்க. சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் குழுவில் இருந்தும் வந்திருக்கீங்க. கழிப்பறை, சின்ன வீடு என்று கான்ட்ராக்ட் எடுத்துக் கட்டிக் கொடுக்கிற குழுக்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. போன மாதக் கூட்டத்தில் மூன்று குழுக்கள் தீர்மானம் எழுதிக் கொடுத்தீங்க: எங்களுக்குச் சொந்த வண்டி வேணும், வங்கிக் கடனுக்குப் பரிந்துரை செய்யணும் என்று. நல்ல விஷயம்தான். ஆனால் மூன்று தீர்மானத்திலும் வண்டியின் பெயர் இருந்ததே தவிர, அதில் எவ்வளவு எடை ஏற்றப் போகிறோம் என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு குழு எழுதியிருந்த காரணம், "பக்கத்து ஊர்க் குழுவும் வாங்கிட்டாங்க." சிரிக்காதீங்க, அந்தக் குழு யார் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை.

புடவை எடுக்கப் போனால் நாலு கடை ஏறி இறங்கி, முந்தானையைப் பிரித்துப் பார்த்து வாங்குகிறோம். லட்சக்கணக்கில் கடன் வாங்கி எடுக்கிற வண்டியை ஷோரூமில் பார்த்த அன்றைக்கே பேசி முடிக்கலாமா? அதனால் இன்றைக்கு இதைப் பற்றி மட்டும் பேசலாம்.

முதலில் எடை. நம் தொழிலில் கையில் எடுக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் எடை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிமெண்ட் மூட்டை 50 கிலோ, ஆக 20 மூட்டை ஒரு டன். 6 இஞ்ச் ஹாலோபிளாக் கல் ஒன்று சுமார் 18 கிலோவில் இருந்து 20 கிலோ வரும். செங்கல் ஒன்று ஏறத்தாழ 3 கிலோ. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, அதனால் ஆயிரம் லிட்டர் டேங்க் நிரப்பினால் அதுவே ஒரு டன். மணல், எம்-சாண்ட் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அது சுமார் நாலரை டன்.

இப்போது கணக்குப் போடுவோம். 16 இஞ்ச் நீளம், 8 இஞ்ச் உயரம் உள்ள கல்லில் 10 அடிக்கு 10 அடி சுவர் ஒன்று எழுப்ப சுமார் 112 கல் வேண்டும். கல்லுக்கு 18 கிலோ வைத்தாலே இரண்டு டன். ஒரே ஒரு சுவருக்கு! ஒரு வீட்டுக்கு எத்தனை சுவர், எத்தனை டன் என்று நீங்களே பெருக்கிப் பாருங்க.

வண்டிகளுக்கு வருவோம். மூன்று சக்கர லோடு ஆட்டோ சுமார் அரை டன் தாங்கும். 2005-ல் வந்த டாடா ஏஸ், நாம் குட்டி யானை என்று கூப்பிடுவது, சுமார் முக்கால் டன். அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-ல் வந்தது. அதில் மாடலுக்குத் தக்க ஒன்றேகால், ஒன்றரை டன் ஏற்றலாம். பொலேரோ பிக்கப்பில் 1.3 டன், 1.7 டன் என்று பல அளவு இருக்கு. 1986-ல் இருந்து ஓடிக்கொண்டிருக்கிற டாடா 407 சுமார் இரண்டேகாலில் இருந்து இரண்டரை டன். அப்படியானால் அந்த ஒரு சுவருக்கு உரிய கல்லை ஏற்ற குட்டி யானை மூன்று நடை போகணும், ஒன்றரை டன் வண்டி இரண்டு நடை, 407 ஒரே நடை.

ஷோரூமில் சொல்வதை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீங்க. ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடை போட்டிருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. இன்னொன்று பாரத்தோடு சேர்த்த மொத்த எடை. மொத்தத்தில் இருந்து வெறும் எடையைக் கழித்தால் மிச்சம் வருவதுதான் நாம் ஏற்றக்கூடியது. அதிலும் டிரைவரும் உதவிக்குப் போகிறவரும் அடக்கம். வாங்கிய பிறகு பின்னால் இரும்புக் கம்பி அடைத்து, மேலே தார்ப்பாய் கட்ட ஃபிரேம் வைத்தீங்கன்னா அந்த இரும்பின் எடையும் இதில்தான் கழியும். இதை நிறைய பேர் யோசிப்பதே இல்லை.

"கொஞ்சம் கூடப் போட்டால் என்ன மேடம், வண்டி இழுக்குதே" என்று கேட்பீங்க. இழுக்கும். நமக்குத் தெரிந்த ஒரு குழு குட்டி யானையில் 40 கல்லுக்குப் பதில் 80 கல் ஏற்றி ஓட்டினாங்க. ஆறே மாதத்தில் பட்டை உடைந்தது, டயர் இரண்டு மாற்றினாங்க, மழை நாளில் சரிவில் பிரேக் பிடிக்காமல் வாய்க்கால் ஓரம் போய் நின்றது. யாருக்கும் அடி இல்லை என்பது அவங்க செய்த புண்ணியம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் கொண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். முன்பு இது 2,000 ரூபாயில் தொடங்கியது, அதனால் பழைய டிரைவர்கள் "பார்த்துக்கலாம்" என்பார்கள். சரக்கு வண்டிக்கு வெளியே பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கொண்டு போனாலும் 20,000 ரூபாய்தான்.

இந்த நீட்டிக்கொண்டு போகிற விஷயம் சென்ட்ரிங் குழுக்களுக்கு முக்கியம். உங்களுக்கு எடையைவிட நீளம்தான் தகராறு. குட்டி யானையின் பின்பகுதி சுமார் 7 அடி. உங்கள் சவுக்கு முட்டு 10 அடி, 12 அடி. கட்டி வைத்தாலும் மூன்று அடியில் இருந்து ஐந்து அடி வரை வெளியே நிற்கும். நீங்க 9, 10 அடி பின்பகுதி உள்ள பிக்கப்பைப் பார்க்க வேண்டும். ஹாலோபிளாக் குழுவுக்கு அந்த நீளம் தேவையே இல்லை, பாரம் தாங்கினால் போதும். ஒரே கூட்டமைப்பில் இருந்தாலும் இரண்டு பேருக்கும் ஒரே வண்டி பொருந்தாது. கம்பி 40 அடி, அதை நம் வண்டியில் ஏற்ற ஆசைப்படவே வேண்டாம், கம்பிக் கடைக்காரர் அவர் வண்டியில் இறக்கித் தரட்டும்.

மணல், ஜல்லியும் அப்படித்தான். ஒரு யூனிட் நாலரை டன் என்று பார்த்தோம். அதற்கு டிப்பர் வேண்டும். நடைச்சீட்டு இல்லாமல் ஏற்றினால் வண்டியே பறிமுதல் ஆகும், அப்புறம் தவணை கட்டுவது யார்? யூனிட் கணக்கில் விலை பேசி வேலை இடத்திலேயே இறக்கச் சொல்லுங்க. அந்தத் தலைவலி நமக்கு எதற்கு?

பெரிசாகவே எடுத்துட்டா பிற்காலத்துக்கு உதவும் என்று ஒரு யோசனையும் வருது. ஒரு சென்ட்ரிங் குழு அப்படித்தான் 407 எடுத்தாங்க. மாதத்தில் 20 நாள் புளியமரத்தடியில் நிற்குது. தவணை மட்டும் நிற்கவில்லை. அதோடு அவங்க வேலை எல்லாம் காலனித் தெருக்களில். அந்த வண்டி தெருமுனையோடு நின்றுவிடும், அங்கிருந்து தலைச்சுமை. குட்டி யானை ஏறத்தாழ 5 அடி அகலம்தான், சந்து பொந்தெல்லாம் நுழையும். நீங்கள் வழக்கமாக வேலை எடுக்கிற நாலு தெருவை ஒரு கயிறு வைத்து அளந்து பாருங்க. வீட்டு முன்னால் போட்டிருக்கிற திண்ணை, கழிவுநீர்க் கால்வாய் மேல் மூடிய சிலாப் எல்லாவற்றையும் கழித்து அளக்கணும்.

இன்னொரு எல்லைக்கோடு 3,000 கிலோ. பாரத்தோடு மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. 407 அதைத் தாண்டிவிடும். பிக்கப்பில் சில மாடல் கீழே வரும், சில மேலே வரும். வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்க. எதுவாக இருந்தாலும் மஞ்சள் போர்டு, எஃப்.சி. உண்டு. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் அதற்குப் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. எடுக்கணும். அந்த மாதம் செலவு வரும் என்று முன்கூட்டியே எடுத்து வையுங்க.

இனி மனதைத் தொடும் விஷயம். காலையில் வேலைக்குப் போகும்போது கொத்தனார், சித்தாள் எல்லோரும் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து போகிறோம். பாண்டு, மண்வெட்டி நடுவில் பத்துப் பேர், சில நாள் கைக்குழந்தையும். பஸ் காசு மிச்சம், உண்மைதான். ஆனால் சரக்கு வண்டியில் இலவசமாக ஏறி வருகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கு. வண்டி கவிழ்ந்தால் நஷ்டஈடு உரிமையாளர் தலையில் விழும். உரிமையாளர் யார்? நம் குழு உறுப்பினர். அடிபட்டவரும் நம் குழு உறுப்பினர். பத்து வருடம் ஒன்றாக உட்கார்ந்து சந்தா கட்டியவர்கள் கோர்ட்டில் எதிரெதிரே நிற்பதை நினைத்துப் பாருங்க. இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆட்களை ஏற்றமாட்டோம் என்று தீர்மானம் போட்ட குழுவுக்குத்தான் வண்டிக் கடனுக்குப் பரிந்துரை. ஆட்கள் பஸ்ஸில் போகட்டும், பஸ் இல்லாத ஊருக்கு ஷேர் ஆட்டோ கூலியை எஸ்டிமேட்டிலேயே சேருங்க.

வண்டி சொந்தமாக வேணுமா, வாடகை போதுமா? கணக்குக்காக மட்டும் ஒரு உதாரணம். 5 லட்சம் கடன், வருடத்துக்கு 12 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் தவணை 11,122 ரூபாய். டிரைவர் சம்பளம் 15,000. இன்சூரன்ஸுக்கு மாதம் 2,500, டயர், ரிப்பேருக்கு 2,500 எடுத்து வைக்கிறோம். ஆக 31,122 ரூபாய், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். இப்போது நடைக்கு 800 ரூபாய் வாடகை கொடுக்கறீங்க, சொந்த வண்டியானால் டீசல் 200 ஆகும் என்று வையுங்க. நடைக்கு 600 மிச்சம். மாதம் 52 நடை ஓடினால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாகும். அதற்கு மேல் ஓடுவதுதான் லாபம். இதில் உங்கள் ஊர் வாடகையையும் சம்பளத்தையும் போட்டு மாற்றிப் பாருங்க. 20 நடைதான் வருது என்றால் வாடகை வண்டியே மேல். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளி வாடகைக்கு ஓட்டிச் சமாளிப்போம் என்பீங்க. ஓட்டலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கட்டட வேலையும் இல்லை, வெளி வாடகையும் குறைவு. அந்த இரண்டு மாதத் தவணை கையில் இருந்தால் தைரியமாக இறங்குங்க.

டிரைவர் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, கார் ஓட்டுகிற இலகுரக வாகன லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கு. நாம் பேசிய வண்டிகள் எல்லாம் இந்த எல்லைக்குள்தான். நம் குழுவில் ஸ்கூட்டியை அந்த ஓட்டு ஓட்டுகிற தங்கச்சிகள் இருக்காங்களே, இரண்டு பேர் டிரைவிங் படிக்கட்டும். சம்பளம் நம்ம வீட்டுக்குள்ளேயே வரும்.

பழைய வண்டி எடுத்தால் எஃப்.சி., வரி, இன்சூரன்ஸ் மூன்றும் நடப்பில் இருக்கா பாருங்க. முந்தைய கடன் தீர்ந்ததற்குக் கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் 35 வேணும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பெயர் மாறாமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீங்க.

கடைசியாக, யார் பெயரில் வாங்குவது? பதிவு செய்யாத குழுவின் பெயரில் ஆர்.சி. எடுப்பது சிரமம், அதனால் யாராவது ஒருவர் பெயரில் எடுக்கிறோம். அப்போது "எங்க வீட்டுக்காரர் பேரிலேயே இருக்கட்டும், அவர்தான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலையறார்" என்ற பேச்சு வரும். அலைவதற்கு நன்றி சொல்லலாம், அதற்காக வண்டியை எழுதி வைக்க வேண்டியதில்லை. தவணை கட்டுவது நீங்கள், கையெழுத்துப் போடுவது நீங்கள், வண்டியும் உறுப்பினர் ஒருவர் பெயரில்தான் இருக்கணும். இது குழுவின் சொத்து, பெயர் இவருடையது, வரவு செலவு இன்ன நோட்டில் என்று முத்திரைத்தாளில் எழுதி அத்தனை பேரும் கையெழுத்துப் போடுங்க. அவர் குழுவை விட்டு விலகினால் என்ன செய்வது என்பதையும் அப்போதே எழுதிவிடுங்க.

தீர்மானம் கொடுத்த மூன்று குழுக்களின் ஊக்குநர்களும் ஒரு நோட்டுப் போட்டு, வருகிற இரண்டு மாதம் எந்தப் பொருள், எத்தனை கிலோ, எந்தத் தெரு, எத்தனை நடை, வாடகை எவ்வளவு என்று தினமும் எழுதி வாங்க. எடைமேடை ரசீது இருந்தால் அதையும் ஒட்டுங்க. அந்த நோட்டைப் பார்த்துத்தான் எந்த வண்டிக்குப் பரிந்துரை என்று கூட்டமைப்பு முடிவெடுக்கும். கேள்வி இருக்கிறவங்க டீ குடித்துக்கொண்டே கேளுங்க, ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கணுமே.