பீரோ சாவி யாரிடம்?

(சங்கரன்கோவிலில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இன்று நான் அரசியல் பேசப் போவதில்லை. கணக்குப் பேசப் போகிறேன். கணக்கு என்றதும் இளைஞர்கள் எழுந்து போய் விடாதீர்கள். இந்தப் பேச்சே உங்களுக்காகத் தான்.

நம் ஊர் ஜவுளிக் கடை ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். சரக்குக் கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கிறது. கடன் கணக்கு கணக்குப்பிள்ளையின் கணிப்பொறியில் இருக்கிறது. விசைத்தறிக்காரருக்குக் கொடுத்த முன்பணம் மகனுடைய வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்று ஆடிட்டர் கேட்கும் போது மூன்றும் மூன்று தொகையைக் காட்டுகின்றன. ஒரே எக்செல் கோப்பு ஆளுக்கு ஆள் அனுப்பப்பட்டு 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'கடைசி ஃபைனல்' என்று குட்டி போட்டுக் கொண்டே போகிறது. இதில் எது உண்மைக் கணக்கு? முதலாளிக்கே தெரியாது!

அந்த முதலாளி ஒரு நாள் திடீரென வஃபாத்தாகி விட்டால்? மய்யித்தின் கடனை அடைத்த பிறகு தான் சொத்தைப் பங்கு பிரிக்க வேண்டும் என்பது உங்கள் அனைவருக்கும் தெரியும். எந்தக் கடன், யாருக்கு, எவ்வளவு என்று தெரிந்தால் அல்லவா பிள்ளைகள் அடைப்பார்கள்? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? அல்பகரா அத்தியாயத்தின் 282வது வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியும், எழுத்தரைப் பற்றியும், சாட்சிகளைப் பற்றியும் பேசுகிறது. வியாபாரச் சமுதாயம் என்று பெருமை பேசும் நாம் சிட்டைத் துண்டிலும் ஞாபகத்திலும் கணக்கு வைத்திருப்பது வேதனையிலும் வேதனை.

இதற்கு இன்று வழி இருக்கிறது. கோப்பை உங்கள் போனுக்குள்ளோ கடைக் கணிப்பொறிக்குள்ளோ வைக்காமல் இணையத்தில் ஓரிடத்தில் வைப்பது. தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் அதன் கதவைத் திறந்து விடுவது. இவ்வளவு தான் விஷயம். துபாயில் இருக்கும் அண்ணனும், கடையில் இருக்கும் தம்பியும், திருநெல்வேலியில் இருக்கும் ஆடிட்டரும் ஒரே நேரத்தில் ஒரே கணக்கைப் பார்க்கலாம், எழுதலாம். பிரதி என்ற பேச்சே இல்லை. ஆகவே 'ஃபைனல் 2'க்கும் வேலை இல்லை. எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது இது தான்: யார், எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எதை மாற்றினார் என்று அதுவே குறித்து வைக்கிறது. ஐயாயிரத்தை ஐந்நூறாக்கி விட்டால் பழைய ஐயாயிரத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். சாட்சி கூடவே உட்கார்ந்திருப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

வலைத்தளங்கள் பிறந்ததே இந்தக் காரியத்திற்காகத் தான். ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், பல நாட்டு விஞ்ஞானிகள் தங்கள் தாள்களைப் பகிர்ந்து கொள்ள வழியின்றித் திணறிய போது, 1989ல் டிம் பெர்னர்ஸ் லீ முன்வைத்த யோசனை தான் இன்றைய வலைத்தளங்களின் வேர். சினிமா பார்க்கவும் சண்டை போடவும் அதை நாம் பயன்படுத்துகிறோம். அது வேறு கதை.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை, நமக்கு ஒத்து வராது' என்று பெரியவர்கள் சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. இதே தென்காசி மாவட்டத்தில் மத்தளம்பாறை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் அங்கே இயங்குகிறது. 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. இணையத்திலேயே எழுதி, பலருடன் பகிர்ந்து கொள்ளும் ஸோஹோ ரைட்டரை 2005ல் வெளியிட்டது. கூகுள் நிறுவனம் ரைட்லி என்பதை விலைக்கு வாங்கி இந்தத் துறையில் கால் வைத்ததே 2006ல் தான். பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கும் பள்ளியையும் ஸோஹோ அங்கே நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்போடு பிள்ளையைக் கடையில் உட்கார வைக்க நினைக்கும் தந்தைமார்கள் ஒரு முறை அங்கே போய் விசாரித்து விட்டு வரட்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், வெவ்வேறு நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, இணையம் வழியாகவே ஒருவருக்கொருவர் அனுப்பித் திருத்தி, எல்லோருக்கும் இலவசமாகத் தருகிற முயற்சி. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அங்கே இருக்கிறது. முகம் பார்த்திராதவர்கள் சேர்ந்து இதைச் செய்ய முடிகிறது. ஒரே தெருவில் இருக்கும் நம்மால் ஒரு மஹல்லாவின் வரவு செலவைச் சேர்ந்து எழுத முடியாதா?

இப்போது முக்கியமான இடத்திற்கு வருகிறேன். 2025 ஜூன் 6ந் தேதி மத்திய அரசு உமீத் என்ற இணையத் தளத்தைத் திறந்தது. ஆறு மாதத்திற்குள் நாட்டில் உள்ள வக்ஃபு சொத்துக்களின் விவரங்களையும் ஆவணங்களையும் அதில் ஏற்ற வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தைப் பற்றி நாம் பேச வேண்டியதை வேறு மேடையில் பேசுவோம். காலக்கெடு நெருங்கிய போது என்ன நடந்தது? தளம் திணறியது உண்மை. அதைவிடப் பெரிய திணறல் நம் பக்கம் இருந்தது. பத்திரம் எங்கே? பழைய முத்தவல்லியின் பீரோவில். பீரோ சாவி யாரிடம்? அவருடைய மருமகனிடம். மருமகன் எங்கே? சவூதியில்! 2025 டிசம்பர் 1ந் தேதி, காலத்தை நீட்டித் தர உச்ச நீதிமன்றம் மறுத்து, தீர்ப்பாயத்தை அணுகச் சொல்லி விட்டது. அந்தக் கெடு முடிந்த போது ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட சொத்துக்கள் ஏற்றத் தொடங்கப்பட்டிருந்தன. அவற்றில் பாதி கூட ஒப்புதல் பெற்றிருக்கவில்லை.

நம் முன்னோர்கள் கபரஸ்தானுக்கும் பள்ளிவாசலுக்கும் எழுதிக் கொடுத்த இடம், ஒரு தாள் கிடைக்காததால் வழக்குக்குப் போகலாமா?

ஆகவே இளைஞர்களே, பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது, பழைய தீர்மானப் புத்தகம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். ஜமாஅத்தின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து அதில் வையுங்கள். உங்கள் சொந்த ஜிமெயிலில் வைக்க வேண்டாம். நீங்கள் வெளிநாடு போனால், பாஸ்வேர்டை மறந்தால், கதை மறுபடியும் பீரோ சாவி ஆகி விடும். நிர்வாகிகள் இருவர் மூவரிடம் முழு உரிமை இருக்கட்டும். மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி போதும். 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று ஒரு வசதி இருக்கிறதே, அதைத் தொடவே தொடாதீர்கள். அந்த லிங்க் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குள் விழுந்தால், ஜகாத் பெறும் விதவையின் பெயரும் ஆதார் எண்ணும் ஊர் முழுக்கச் சுற்றும். வணிகர்களுக்கும் அதே எச்சரிக்கை தான். வேலையை விட்டுப் போகும் ஆளின் அனுமதியை அன்று மாலையே நீக்குங்கள். ஓடிபி கேட்கும் இரட்டைப் பூட்டைப் போடுங்கள்.

'நம் தாள்களை யாரோ ஒரு கம்பெனியின் பெட்டியில் வைப்பதா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உள்ளூர்க் கம்பெனியானாலும் அமெரிக்கக் கம்பெனியானாலும் அது அவர்கள் பெட்டி தான். அதனால் தான் சொல்கிறேன், மூலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். ஒரு பிரதியைத் தனி ஹார்டு டிஸ்க்கில் போட்டு வேறொரு வீட்டில் வையுங்கள்.

செலவு? கூகுள் கணக்கில் 15 ஜி.பி. இலவசம். கடிதங்களும் படங்களும் அதற்குள் தான் அடக்கம். ஆகவே இந்தக் கணக்கை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். ஸ்கேன் செய்த ஒரு பக்கத்திற்கு ஒரு எம்.பி. என்று தாராளமாக வைத்தாலும் 15 ஆயிரம் பக்கம் கொள்ளும். நம்முடைய எந்த மஹல்லாவின் பீரோவிலும் அத்தனை தாள் இராது.