திரையில் தாதியம் கற்பித்தல்
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்தக் கல்லூரியிலிருந்து தாதியராகச் சென்றவர்களின் சார்பில் பேச வந்திருக்கிறோம். எங்களிற் சிலர் இப்போது தாதிய மாணவருக்குக் கற்பிக்கிறோம்.

தொலைவிலிருந்து தாதியம் கற்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. பணியிலிருக்கும் தாதியருக்காக இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994இலேயே பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2020இல் கொவிட் வந்தபோது பேராதனை உட்பட எல்லாப் பல்கலைக்கழகங்களும் இணையவழிக்கு மாறின.

உடற்கூற்றியலைத் திரையில் காட்டலாம். தொழில் ஒழுக்கத்தை எப்படிக் காட்டுவது? சர்வதேசத் தாதியர் பேரவை 1953இல் ஏற்று, 2021இல் திருத்திய ஒழுக்கக்கோவை இருக்கிறது. நாங்கள் அதைச் சுருக்கி எழுதி, கீழே பத்துச் சரி பிழைக் கேள்விகள் வைத்தோம். எல்லாரும் முழுப் புள்ளி பெற்றார்கள். அதே வாரம் ஒரு மாணவி, நோயாளி ஒருவரின் முகம் தெரியும் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டாள். பிழை அவளுடையது மட்டுமல்ல, பாடத்தை அமைத்த எங்களுடையதும்தான்.

பாடத்தை மாற்றினோம். இப்போது அது ஒரு சம்பவத்தோடு தொடங்குகிறது. கலஹாப் பக்கத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா சத்திரசிகிச்சைக்கு வந்திருக்கிறார். வைத்தியர் சிங்களத்தில் விளக்குகிறார். எட்டு வயதுப் பேத்தி தமிழில் சொல்கிறாள். அம்மா தலையாட்டுகிறார். சம்மதப் பத்திரம் உங்கள் கையில். என்ன செய்வீர்கள்?

தன் விடையை எழுதிய பின்பே மற்றவர்களின் விடைகள் ஒருவருக்குத் திறக்கும். முதலில் பலர், "கையொப்பம் வாங்குவேன்" என்று எழுதினார்கள். ஒரு சிங்கள மாணவி, முன்பு இப்படியொரு வேளையில் தான் பேசாமல் நின்றதை எழுதினாள். அதன் பிறகுதான் வகுப்பே வாய்திறந்தது. தமிழ் தெரிந்த ஒருவரை அழைப்பது, வைத்தியரிடம் இன்னொரு முறை விளக்கக் கேட்பது, அம்மா விளங்கிக்கொண்டதை அவர் வாயாலேயே சொல்லவைப்பது என விடைகள் வந்தன. பின்னர் விடுதியில், பயிற்றுநர் முன்னிலையில், அதையே செய்து பழகினார்கள்.

சிக்னல் குறைந்த ஊர்களில் வீடியோ ஓடாது. ஆகவே ஐந்து நிமிட ஒலிப்பதிவுகளாகவே தருகிறோம்.

உலகெங்கும் தாதியராக இருக்கும் பழைய மாணவியரிடம் ஒன்று கேட்கிறோம். நீங்கள் தடுமாறிய ஒரு வேளையை, நோயாளரை அடையாளம் காட்டாமல், ஐந்து நிமிடம் தமிழில் பேசி அனுப்புங்கள். சரியாகச் செய்ததை மட்டுமல்ல, தவறவிட்டதையும் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் அதிலிருந்துதான் கூடுதலாகக் கற்கிறார்கள்.