மௌனப் படத்துக்கு யார் வாசிப்பது?



மௌனப் படங்கள் கொட்டகையில் மௌனமாக ஓடியவை அல்ல. திரைக்குப் பக்கத்தில் ஆர்மோனியமும் தபலாவும் இருந்தன. தமிழ்நாட்டில் கதையை உரக்கச் சொல்லவும் ஓர் ஆள் நின்றார். படச்சுருள் எங்கிருந்தோ வந்தது, வாசிப்பு உள்ளூர்க்காரருடையது. பழைய படங்களுக்குப் புது இசை அமைக்கும்போது நாம் முதலில் மீட்க வேண்டியது இந்த வழக்கத்தைத்தான்.

பினாங்குக்கு இது அந்நியமில்லை. பார்சி நாடகக் குழுக்கள் வந்து போன இந்த ஊரில் 1885இல் புஷி இந்திரா பங்சாவான் எனும் மலாய் இசை நாடகக் குழு உருவானது. பங்சாவான் மேடைக்கு வயலினும் ஆர்மோனியமும் தபலாவும் சேர்ந்து ஒலித்தன. காட்சிக்கு எந்த இனத்து மெட்டு பொருந்துமோ அதை எடுத்துக்கொண்டார்கள். இந்த ஊர்ப் பேராசிரியர் டான் சூய் பெங் 1993இல் வெளியிட்ட பங்சாவான் நூலில் அந்த வரலாறு விரிவாக இருக்கிறது. இந்த மண்ணில் பிறந்தவர்தான் மலாய்த் திரைக்கலைஞர் பி. ரம்லி.

மௌனப் படங்களுக்குப் புது இசை அமைக்கும் வேலை உலகில் மும்முரமாக நடக்கிறது. ஹிமான்சு ராய் தயாரித்த 'ஷிராஸ்' 1928இல் வந்த படம். 2017இல் அதற்கு அனுஷ்கா சங்கர் இசையமைத்தார். 1929இல் வந்த 'எ த்ரோ ஆஃப் டைஸ்' படத்துக்கு நிதின் சாஹ்னி லண்டன் சிம்பொனி இசைக்குழுவை வைத்து அமைத்தார். இரண்டுமே நல்ல முயற்சிகள். ஆனால் அத்தனை பெரிய குழு இருந்தால்தான் முடியும் என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

முதல் வேலை, படத்தின் வேகத்தை முடிவு செய்வது. அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள்; வேகம் படத்துக்குப் படம் மாறும். ஆயிரம் அடிச் சுருள் வினாடிக்கு 18 ஃப்ரேம் ஓடினால் ஏறக்குறைய 15 நிமிடம். 24 ஓடினால் 11 நிமிடம். நான்கு நிமிட வித்தியாசத்தில் போட்ட மெட்டெல்லாம் இடம் தவறிவிடும். வேகம் உறுதியான பிறகு நம் தாளக் கணக்கு கைகொடுக்கும். தவில்காரர் தாளக் கோர்வையைப் பின்னாலிருந்து கணக்கிட்டு, பாட்டு எடுக்கும் இடமான எடுப்பில் கொண்டுவந்து நிறுத்துவார் அல்லவா? காட்சி மாறும் இடத்தை எடுப்பாக வைத்துக்கொண்டால் போதும், வாள் இறங்கும் கணத்தில் தவிலும் இறங்கும். நீண்டு போகிற, முடிவு தெரியாத காட்சிகளுக்கு ஆலாபனை இருக்கிறது. தாளக்கட்டு இல்லாததால் அதை நீட்டலாம், சுருக்கலாம்.

எங்கே வாசிக்கக் கூடாது என்பது அதைவிடக் கடினம். இதற்கு எனக்கு ஆசான் எல். வைத்தியநாதன். 'மால்குடி டேஸ்' தொடருக்கு இசை அமைத்தவர். 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் வசனமே இல்லாமல் எடுத்த 'பேசும் படம்' அவர் இசையில் வந்தது. அதில் நாயகனுக்கு ஓட்டல் அறையின் அமைதியில் தூக்கம் வராது. பழைய விடுதிக்குப் பக்கத்துத் திரையரங்கின் இரைச்சலைப் பதிவு செய்து வந்து, அதைக் கேட்டுத்தான் தூங்குவான். அந்த இடத்தை நடத்துவது இரைச்சல். இசை குறுக்கே வரக் கூடாது. வசனம் இல்லையே என்று எல்லா இடைவெளியையும் வயலினால் அடைக்கிற இளைஞர்கள் இந்தப் படத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இந்த அறக்கட்டளையிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து பி.வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா', தென்னிந்திய மௌனப் படங்களில் தப்பிப் பிழைத்த அரிய படம். அது தழுவிய நாவலின் உரிமை வழக்கில் சிக்கி, திருவனந்தபுரத்துப் பதிப்பகத்தில் முடங்கிக் கிடந்தது; 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போனது. ஓட விடாமல் தடுத்த வழக்கே சுருளைக் காப்பாற்றியது. அரண்மனைச் சூழ்ச்சி நிறைந்த அந்தக் கதைக்கு நம் கோயில்களின் நாதஸ்வரமும் தவிலும், பங்சாவான் மரபு தெரிந்த ஒரு வயலினும், தமிழில் கதை சொல்ல ஒருவரும் போதும். ஜார்ஜ் டவுனில் ஓர் இரவு அதைத் திரையிடுவோம். புனேவுக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே அனுமதியோடு படத்தின் நீளத்தையும் ஓட வேண்டிய வேகத்தையும் கேட்டுவிடுங்கள். அந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் தவில்காரர் கணக்கைத் தொடங்க முடியும்.