இஸ்ரேல் பிறந்தபோது யூதர்கள் ஒருமனதாக இருந்தார்களா?

(நம் சங்கத்தின் மாதாந்திர மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்தவன். வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். சரித்திரப் பேராசிரியர் இல்லை. ஓய்வுக்குப் பிறகு விருப்பப்பட்டுப் படித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

மாலை நடைப்பயிற்சி முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தால் பாலஸ்தீனம் பற்றிப் பேச்சு வராத நாள் குறைவு. "யூதர்கள் எல்லாரும் நாடு கேட்டார்கள், அரபுகள் எல்லாரும் மறுத்தார்கள்" என்று ஒரே வாக்கியத்தில் கதையை முடித்துவிடுகிறோம். இன்றைய சண்டையில் யார் சரி, யார் தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்த வாக்கியத்தில் வரும் "எல்லாரும்" என்ற சொல் சரிதானா என்பதை மட்டும் பார்ப்போம்.

வங்கிக்காரன் என்பதால் ஒரு நாணயத்தில் தொடங்குகிறேன். முதல் உலகப் போருக்குப் பிறகு பாலஸ்தீனம் பிரிட்டிஷ் நிர்வாகத்துக்கு வந்தது. 1927-இல் அங்கே தனி நாணயம் வெளியிட்டார்கள். அதில் ஆங்கிலம், அரபு, ஹீப்ரு என்று மூன்று மொழிகளிலும் நாட்டின் பெயர் இருக்கும். ஹீப்ருவில் மட்டும் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கூடுதலாக இரண்டு எழுத்து. "இஸ்ரவேல் தேசம்" என்பதன் சுருக்கம் அது. ஒரே மண், ஒரே காசு, ஆனால் இரண்டு பெயர். சிக்கல் எவ்வளவு பழையது என்பதற்கு அந்தக் காசே சாட்சி.

இனி கொஞ்சம் பின்னால் போவோம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்து யூதர்களில் பெரும்பாலோர் ரஷ்யப் பேரரசிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் இருந்தார்கள். 1881-க்குப் பிறகு ரஷ்யாவில் அவர்கள் மேல் அலை அலையாகக் கலவரங்கள் நடந்தன. பிரான்ஸில் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரி மேல் பொய்யாகத் துரோகக் குற்றம் சுமத்தி 1894-இல் தண்டனை கொடுத்தார்கள். அந்த வழக்கைப் பற்றிப் பாரிஸிலிருந்து செய்தி எழுதிய வியன்னா பத்திரிகையாளர்தான் தியோடர் ஹெர்சல். 1896-இல் "யூத நாடு" என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டார். எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் ஐரோப்பா நம்மை ஏற்காது, நமக்கென்று ஒரு நாடு வேண்டும் என்பது அவர் வாதம். இந்த இயக்கத்துக்குத்தான் சியோனிசம் என்று பெயர்.

அடுத்த வருடம் முதல் சியோனிச மாநாட்டை ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடத்தத் திட்டமிட்டார் ஹெர்சல். அது அங்கே நடக்கவில்லை. தடுத்தது அரசாங்கம் அல்ல, அந்த ஊர் யூத சமூகத்தார்! "நாங்கள் ஜெர்மானியர்கள், மதம் மட்டும் யூத மதம். தனி நாடு என்று பேசி எங்கள் பிழைப்பைக் கெடுக்காதீர்கள்" என்பது அவர்கள் நிலை. ஜெர்மனியின் ரப்பிகள், அதாவது யூத மதகுருமார்கள், பகிரங்கமாகவே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கடைசியில் 1897 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மாநாடு நடந்தது.

அதே 1897-இல், சில வாரங்கள் கழித்து, வில்னா நகரில் யூதத் தொழிலாளர்கள் "பண்ட்" என்ற கட்சியைத் தொடங்கினார்கள். அவர்களும் யூதர்களின் உரிமைக்காகப் போராடியவர்கள்தான். ஆனால் வழி நேர் எதிர். "நாம் வாழும் இடம்தான் நம் இடம். இங்கேயே இருந்து, நம் யிட்டிஷ் மொழியோடு, மற்றத் தொழிலாளர்களோடு சேர்ந்து உரிமை வாங்குவோம்" என்றார்கள். பிற்காலத்தில் போலந்தில் இது பெரிய கட்சியாக வளர்ந்தது.

ஆசாரமான யூதர்களில் பலர் மூன்றாவது கோணத்தில் பார்த்தார்கள். இறைவன் அனுப்பும் மீட்பர் வந்துதான் இஸ்ரவேல் மறுபடி அமைய வேண்டும், மனிதர்கள் அவசரப்பட்டு அமைப்பது பாவம் என்றார்கள். அந்தக் கருத்துள்ள ஒரு சிறு பிரிவினர் இன்றைக்கும் ஜெருசலேமிலேயே வசிக்கிறார்கள், இஸ்ரேல் அரசை ஏற்காமல்!

சியோனிசத்துக்கு உள்ளேயே மாற்றுக் குரல் இருந்தது. அஹத் ஹாம் என்ற எழுத்தாளர் 1891-லேயே பாலஸ்தீனத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அது ஆளில்லாத பூமி அல்ல, அரபுகள் உழுது பயிரிடும் பூமி என்று எழுதினார். அரசாங்கம் அமைப்பதைவிட, யூதப் பண்பாட்டுக்கும் ஹீப்ரு மொழிக்கும் அங்கே ஒரு மையம் அமைப்பதுதான் முக்கியம் என்று அவர் நினைத்தார்.

அரபுப் பக்கம் என்ன சொன்னது? ஜெருசலேமின் முன்னாள் மேயர் யூசுப் தியா அல்-காலிதி 1899-இல் ஒரு கடிதம் எழுதினார். பிரான்ஸ் நாட்டுத் தலைமை ரப்பி வழியாக அது ஹெர்சலுக்குப் போனது. யூதர்களுக்கும் அந்த மண்ணுக்கும் உள்ள பழைய உறவை அவர் மறுக்கவில்லை, மரியாதையோடு ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கே ஏற்கெனவே மக்கள் வாழ்கிறார்கள், பாலஸ்தீனத்தை நிம்மதியாக விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். யூதர்கள் வந்தால் எல்லாருக்கும் நன்மைதான் என்று ஹெர்சல் பதில் போட்டார். அந்தக் கடிதப் போக்குவரத்தோடு பேச்சு நின்றுவிட்டது.

இப்போது வருபவர் நமக்குத் தெரிந்த பெயர். பள்ளிக்கூடத்தில் மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்று மனப்பாடம் செய்தோமே, அந்த எட்வின் மாண்டேகுதான். 1917-இல் பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சர். அவர் ஒரு யூதர். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு "தேசிய இல்லம்" அமைக்க ஆதரவு தரும் பால்ஃபர் பிரகடனத்தை அமைச்சரவையில் கடுமையாக எதிர்த்தவரும் அவரே. "அப்படி ஓர் இடம் அமைந்துவிட்டால், ஒவ்வொரு நாட்டுக்காரனும் அங்குள்ள யூதனைப் பார்த்து, உன் ஊருக்குப் போ என்பான்" என்பது அவர் பயம். அதே சமயம், அவருடைய உறவுச் சகோதரர் ஹெர்பர்ட் சாமுவேல் இந்தத் திட்டத்தின் முக்கிய ஆதரவாளர். 1920-இல் பாலஸ்தீனத்தின் முதல் பிரிட்டிஷ் ஹை கமிஷனரானவர் அவர்தான். ஒரே குடும்பத்தில் இரண்டு கட்சி!

1917 நவம்பர் 2-ஆம் தேதி பிரகடனம் வெளியானது. அதில் "நாடு" என்ற சொல் இல்லை. அங்குள்ள மற்றவர்களின் சிவில், மத உரிமைகளும், பிற நாட்டு யூதர்களின் உரிமைகளும் பாதிக்கப்படக் கூடாது என்ற நிபந்தனைகள் இருந்தன. முதல் நிபந்தனையைக் காப்பாற்றினார்களா என்பதுதான் நூறு வருடமாக நடக்கும் வழக்கு.

பாலஸ்தீனத்தில் குடியேறியவர்களிடமும் ஒற்றுமை இல்லை. எப்படியும் அரபுகள் சம்மதிக்கப் போவதில்லை, பலத்தால்தான் நிற்க முடியும் என்று ஜபோடின்ஸ்கி 1923-இல் எழுதினார். ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் தலைவர் யூதா மாக்னஸும், தத்துவவாதி மார்ட்டின் பூபரும், இரு மக்களுக்கும் சம உரிமையுள்ள ஒரே நாடு வேண்டும் என்றார்கள். 1938 நவம்பரில் காந்திஜி "ஹரிஜன்" பத்திரிகையில், யூதர்கள் மேல் அனுதாபம் உண்டு, ஆனால் பாலஸ்தீனம் அரபுகளுக்கு உரியது என்ற கருத்தில் எழுதினார். அவருக்குக் கடிதம் எழுதி மறுப்புச் சொன்னவர்கள் இதே பூபரும் மாக்னஸும்தான்!

இத்தனை மாறுபாடுகள் எப்படி அடங்கின? வாதத்தில் ஒரு பக்கம் ஜெயித்ததால் அல்ல. 1938 ஜூலையில் பிரான்ஸின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி யூத அகதிகளைப் பற்றிப் பேசின. ஏறக்குறைய எல்லா நாடுகளும் கையை விரித்தன. அடுத்து வந்த போரில் நாஜிகள் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். "இங்கேயே வாழ்வோம்" என்ற போலந்து பண்ட் தொண்டர்களும், மீட்பருக்காகக் காத்திருந்த பக்தர்களும் அதில் லட்சக்கணக்கில் மாண்டார்கள். பிழைத்தவர்கள் முகாம்களில் போக இடமின்றிக் காத்திருந்தார்கள். மாற்றுக் கருத்துகள் தோற்றன என்பதைவிட, அவற்றைச் சொன்னவர்களே உயிரோடு இல்லை என்பதுதான் உண்மை.

1947-இல் ஐ.நா. சபை 11 நாடுகள் கொண்ட குழுவை அமைத்தது. ஏழு நாடுகள் பிரிவினையைப் பரிந்துரைத்தன. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் ஒரே கூட்டாட்சி நாடு என்றன. நவம்பர் 29-இல் பொதுச்சபை பிரிவினையை ஏற்றது. ஆதரவு 33, எதிர்ப்பு 13, நடுநிலை 10. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. மக்கள்தொகையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இருந்த யூதர்களுக்குப் பாதிக்கு மேல் நிலம் என்று அரபுத் தலைவர்கள் மறுத்தார்கள். அவர்களிலும் "எல்லாரும்" இல்லை. அரபுக் கம்யூனிஸ்டுகளில் ஒரு பகுதியினர் பிரிவினையை ஏற்றார்கள்.

1948 மே 14, வெள்ளிக்கிழமை மாலை, டெல் அவீவில் பென் குரியன் நாட்டை அறிவித்தார். அந்தப் பிரகடனத்தின் வாசகத்திலும் கடைசி நேரம்வரை தகராறு. கடவுள் பெயர் வேண்டும் என்றார் ரப்பி ஒருவர், கூடாது என்றார் இடதுசாரி ஒருவர். "இஸ்ரவேலின் பாறை" என்று எழுதிச் சமாளித்தார்கள். பக்தர் அதைக் கடவுள் என்று படிக்கலாம், மற்றவர் மக்களின் வலிமை என்று படிக்கலாம். 37 பேர் கையெழுத்திட்டதில் ஆசார ரப்பியும் உண்டு, கம்யூனிஸ்டும் உண்டு. புது நாட்டின் முதல் ரூபாய் நோட்டு, அதாவது பவுண்டு நோட்டு, ஆங்கிலோ பாலஸ்தீன் வங்கியின் பெயரில் வந்தது. நியூயார்க்கில் அச்சடிக்க ஆர்டர் கொடுத்தபோது நாட்டுக்கு என்ன பெயர் என்றே முடிவாகவில்லை!

1948 அக்டோபர் 1-க்குள் அரசியல் சாசனம் எழுதப்படும் என்று அந்தப் பிரகடனம் சொன்னது. இன்றுவரை ஒரே தொகுப்பாக எழுதப்பட்ட சாசனம் அங்கே இல்லை. நாடு எப்படிப்பட்டது என்ற பழைய வாதம் முடியாததே அதற்குப் பெரிய காரணம்.

அந்தப் போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீன அரபுகள் வீடு வாசல் இழந்து அகதிகளானார்கள். அவர்கள் அதை "நக்பா", பேரழிவு என்கிறார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் ஈராக், ஏமன், எகிப்து போன்ற நாடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த யூதர்களும் லட்சக்கணக்கில் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் கூட்டினால் டேலி ஆகாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இந்தக் கணக்கில் இரண்டு பக்கத்தையும் கூட்டினாலும் டேலி ஆகாது, ஏனென்றால் உயிருக்கு எதிர்ப்பதிவு கிடையாது. ஆனால் இரண்டு பக்கத்தையும் எழுதாமல் விட்டால் அது பொய்க்கணக்கு.

ஐரோப்பாவின் ஆபத்தை ஹெர்சல் சரியாகக் கண்டார். அந்த மண்ணில் மனிதர்கள் இருப்பதை அஹத் ஹாமும் அல்-காலிதியும் சரியாகக் கண்டார்கள். இருவர் கண்டதும் ஒரே சமயத்தில் உண்மை. துயரமே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நம் குடியிருப்பில் எல்லா மதத்தவரும் ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறோம். வெகுதூரத்தில் நடக்கும் சண்டைக்காகப் பக்கத்து வீட்டுக்காரரை ஒரு கட்சியில் சேர்த்துவிட வேண்டாம். "யூதர்கள் சொன்னார்கள்", "முஸ்லிம்கள் சொன்னார்கள்" என்று யாராவது ஆரம்பித்தால், "அவர்களில் யார்? எந்த வருடம்?" என்று கேளுங்கள். பேச்சு கொஞ்சம் நிதானப்படும்.

சந்தேகங்கள் இருந்தால் கேட்கலாம், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.