புகைபோக்கி யாருக்கு?

(சங்கரன்கோவிலில் விசைத்தறி, விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கூட்டம் ஆரம்பிக்குமுன் ஒரு இளம் தறித் தோழர் என்னைக் கேட்டார்: "மூடிப்போன மில்லின் சுவரையும் புகைபோக்கியையும் இடிக்கக் கூடாது என்று படித்தவர்கள் கோர்ட்டுக்குப் போகிறார்களாமே அண்ணாச்சி, அதில் நமக்கு என்ன?"

நியாயமான கேள்வி. அந்தப் புகைபோக்கியின் கீழ் நம்மவர்கள் பஞ்சுத் தூசியைத்தான் சுவாசித்தார்கள். இது வேலையற்ற கனவான்களின் விவகாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பம்பாயின் கதையைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

பம்பாயை நாம் அறிவோம். தாராவியில் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர் எத்தனை பேர்! அந்த நகரத்தின் நடுவே 58 மில்கள், சுமார் 600 ஏக்கர் நிலம். 1982 ஜனவரி 18இல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது தோற்றது. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. நூலை விற்பதைவிட நிலத்தை விற்பது லாபம் என்று முதலாளிகள் கண்டுகொண்டார்கள்.

1991இல் சர்க்கார் ஒரு விதி போட்டது. மில் நிலத்தில் வேறு கட்டடம் எழுப்பினால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஊருக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மிச்சம்தான் முதலாளிக்கு. பத்தே வருஷம். 2001இல் அதைத் திருத்தினார்கள். காலியாகக் கிடக்கும் இடத்தில் மட்டும் பங்கு பிரித்தால் போதுமாம். ஷெட் நின்ற மண், ஷெட்டை இடித்த பிறகும் பங்குக்கு வராது! 2005 அக்டோபரில் பம்பாய் ஐகோர்ட் பொதுமக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2006 மார்ச் 7இல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்து, திருத்தம் செல்லும் என்றது.

இதற்கிடையே 1995இல் அதே நகரத்தில் பாரம்பரியக் கட்டட விதிகளும் வந்தன. தனியார் சொத்தானாலும் பட்டியலில் இருந்தால் அனுமதியில்லாமல் இடிக்கக் கூடாது. நல்லதுதான். அனுமதி மறுக்கப்பட்டுச் சொத்துக்காரருக்கு நஷ்டம் வந்தால், வேறிடத்தில் கட்டிக்கொள்ளும் உரிமையை ஈடாகத் தருகிறார்கள். சுவருக்குச் சொந்தக்காரனுக்கு ஈடு உண்டு. அந்தச் சுவருக்குள் முப்பது வருஷம் உழைத்தவனுக்கு? அவன் அந்த வழக்கில் கட்சிக்காரனே அல்ல. லோயர் பரேல் பீனிக்ஸ் மில் இன்று பெரிய கடைவளாகம். புகைபோக்கி அலங்காரத்துக்கு நிற்கிறது.

சென்னைக்கு வாருங்கள். பெரம்பூர் பின்னி மில். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த மில் தொழிலாளர்களால். 1921இல் மாதக்கணக்கில் போராட்டம், துப்பாக்கிச்சூடு. 1996இல் மில் மூடப்பட்டது. அதன் பிறகு அந்தப் பாழ்ஷெட்டுகளை ஊர் பார்த்ததெல்லாம் சினிமாச் சண்டைக் காட்சியில்தான். வில்லன் உதை வாங்கிய இடத்தில்தான் நம் தாத்தாக்கள் நின்றார்கள் என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள்.

"என் பட்டா, என் இஷ்டம்" என்கிறார் முதலாளி. இதை விவசாயத் தோழர்கள் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். நஞ்சை, நஞ்சையாக இருக்கும்வரை ஒரு விலை. வீட்டுமனை என்று அதிகாரி கையெழுத்துப் போட்ட மறுநாள் வேறு விலை. மில் நிலமும் அப்படியே. தொழில் மனை, குடியிருப்பு மனையாக மாறும்போது ஏறும் விலை முதலாளியின் வேர்வையால் வந்ததல்ல. சர்க்காரின் பேனாவால் வந்தது. அந்தப் பேனா நம்முடையது. 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி அந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும். பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். அந்த நாளில் நம் சங்கத்தின் மனு அங்கே இருக்கிறதா? 2012இல் பாரம்பரிய ஆணையத்துக்கென்று ஒரு சட்டமும் சென்னையில் நிறைவேறியது. பல வருஷம் அமலுக்கு வராமல் தூங்கியது. சட்டத்தை எழுப்ப யாராவது போய்த் தட்ட வேண்டும்.

ஆகவே அந்தத் தோழருக்கு என் பதில்: புகைபோக்கி நிற்கட்டும். ஆனால் முதலில் பாக்கிச் சம்பளம், கிராஜுவிட்டி, வீடு. அதோடு அந்தப் புகைபோக்கியடியில் ஒரு அறை, அங்கே உழைத்தவர்களின் பெயர்ப்பட்டியலோடு.

பம்பாயில் மில் தொழிலாளருக்கு வீடு என்று அறிவித்தபோது, மில்லில் வேலை செய்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். விண்ணப்பித்தவர்கள் லட்சத்துக்கு மேல். 2012 ஜூனில் முதல் குலுக்கலில் கிடைத்ததோ ஏழாயிரத்துக்கும் குறைவான வீடுகள். எத்தனை பேர் டிக்கெட்டையும் சம்பளச் சீட்டையும் அடுப்பில் போட்டிருப்பார்கள்!

நம் ஊரில் பெரும்பாலான தறிகாரருக்குச் சீட்டே கிடையாது, அது வேறு சண்டை. மில்லில் வேலை செய்த மாமா, சித்தப்பா யாராவது வீட்டில் இருந்தால், அவர்களுடைய பழைய டிக்கெட், பி.எப். காகிதம், சங்க ரசீது எதுவானாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தருகிறோம்.